கோல் அடிக்காத மாற்று வீரர்

மகன் சேரவிருந்த உதைபந்தாட்டக் கழகத்தின் ஆட்டத்தைப் பார்க்கக் கொட்டாஞ்சேனைக்குப் போயிருந்தேன். அங்கேதான் அவரைக் கண்டேன். எல்லோரையும்விடக் கூடிய சம்பளத்துக்கு எடுத்த வீரர். ஒரு கோலும் அடிக்காததால் வெளியே இருத்தியிருந்தார்கள். பயிற்சியாளர் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம், இறங்கத் தயாராவதுபோல அவர் குனிந்து சப்பாத்து லேஸை இறுக்கினார். யாரும் கூப்பிடவில்லை.

பின்னால் ஒருவன், "பெரிய சம்பளக்காரரை எழுப்பாதேங்கோடா, நித்திரை குழம்பும்," என்றான். அவரும் சிரித்தார்.

"கோபம் வராதோ தம்பி?" என்றேன்.

"அவங்கள் சொல்லுறது சரிதானே அக்கா. சம்பளம் இவ்வளவு எண்டு சொன்ன நாளிலயிருந்து, பந்து வந்தாலே கால் நடுங்குது."

மகனும் அதே கழகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டான், அவருடையதைவிடக் கூடிய சம்பளத்துக்கு. இப்போது காலையில் அவன் வாசலில் குனிந்து லேஸ் கட்டும்போது, ஏதோ வேலை இருப்பதுபோல நானும் அங்கேயே நிற்கிறேன். ஒருதரம் கட்டியதை அவன் மறுபடி இறுக்கினால், அவன் கால் நடுங்குகிறதா என்று பார்க்கிறேன்.