நாற்பது விநாடி பியானோ

போன வாரம் ரெஜினா வந்திருந்தாள். குவைத்தில் நர்ஸ். ஏழு வருடத்துக்கு முன் இறந்துபோன என் பெரியப்பா மகன் செலஸ்டின் அண்ணனின் ஒரே மகள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"சித்தப்பா, அப்பா வாசிச்சத அம்புட்டையும் சிடியில ஏத்திட்டுத்தான் இந்தத் தடவ போவேன். டேப்பு, லேப்டாப்பு எல்லாம் கொண்டாந்துருக்கேன். கேசட்டு எங்க இருக்கு?"

"உங்க வீட்டுக் கண்ணாடி அலமாரியிலதான் ஆத்தா. எங்க போயிரும்?" என்றேன்.

என்ன ஒரு தைரியம் பாருங்கள் எனக்கு!

அண்ணனைத் தெரியாதவர்களுக்கு நாலு வரி. திண்டுக்கல்லில் பிறந்து, மெட்ராஸில் பியானோ படித்து, பம்பாய், கல்கத்தா மேடைகளில் தனியாக உட்கார்ந்து வாசித்தவர். பாட்டு கிடையாது, பக்கவாத்தியம் கிடையாது. ஒரு மனிதன், ஒரு கறுப்புப் பெட்டி, ஒன்றரை மணி நேரம். அவருடைய அப்பா படுக்கையில் விழுந்ததும், வெங்காய மண்டியைப் பார்த்துக்கொள்ள ஊர் திரும்பினார். பின்னாலேயே லாரியில் பியானோவும் வந்தது. நம் ஊர் வெயிலில் மரம் காய்ந்து விரிசல் விட்டுவிடும் என்று அதன் அடியில் ஒரு பேசின் நிறையத் தண்ணீர் வைத்திருப்பார். கொசு வருமே... அதனால் மதினி தினமும் தண்ணீரை மாற்றுவார்.

இங்கே ஒரே ஒரு முறை, பள்ளிக்கூட ஹாலில் கச்சேரி வைத்தோம். ஒரு மணி நேரம் கழித்துப் பக்கத்து நாற்காலிக்காரர் என் காதில் கேட்டார்: "சுதி சேத்தது போதும்ல... பாட்ட எப்ப அப்பு ஆரம்பிப்பாரு?"

அண்ணனிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். அதன் பிறகு வெளியே வாசிக்கவே இல்லை.

காலையில் மண்டி. ஞாயிறு மதியங்களில் பியானோ. ஜன்னலை எல்லாம் அடைத்து, ஒரு ஸ்டூல் மேல் போர்வையை மடித்துப் போட்டு, அதன் மேல் டேப் ரெக்கார்டரை வைப்பார். தான் வாசிப்பதைத் தானே பதிவு செய்துகொள்வார். யாருக்காக? கேட்க எனக்குத் தோன்றியதே இல்லை.

சரி, போன வாரத்துக்கு வருகிறேன். அண்ணன் வீட்டுக்குப் போய் அலமாரியைத் திறந்தோம். ஏழு வருடமாக யாரும் திறக்காத அலமாரி. துக்கம் என்று சொல்லிக்கொண்டோம். சோம்பல் என்பதுதான் உண்மை. வரிசையாக, தூசி படியாமல், பிளாஸ்டிக் டப்பாக்களில் கேசட்டுகள். ரெஜினா ஒவ்வொன்றாகப் படித்தாள். ஜெர்மனிக்காரர். ரஷ்யாக்காரர். போலந்துக்காரர். எல்லாம் உலகத்துப் பெரிய கைகள். அண்ணனுடையது ஒன்றுகூட இல்லை.

காப்பியோடு வந்த மதினி சொன்னார்: "அவரோடது இதுல ஏது தம்பி? அது ஒரு செருப்பு டப்பாவுல கெடந்துச்சு. ஆறு கேசட்டு. நீங்கதான பாத்துட்டு வேண்டாததுன்னு சொன்னீங்க?"

நான்தான். ஆமாம், நானேதான்.

உங்களுக்கும் தெரிந்திருக்கும் — வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு லீவு கிடைக்காவிட்டால், அடக்கத்தை கேசட்டில் பிடித்து அனுப்புவது எங்கள் வழக்கம். வீட்டு ஜெபம், கோயில் பூசை, கல்லறையில் கடைசிப் பிடி மண் விழும் சத்தம் வரைக்கும். ரெஜினா அப்போது வேலைக்குச் சேர்ந்த புதிது. லீவு தரவில்லை. பதிவு செய்யும் பொறுப்பு எனக்கு. அன்றைக்கு ஞாயிறு. கேசட் கடை ஒன்றும் திறக்கவில்லை.

வீட்டைத் துழாவினேன். செருப்பு டப்பா கிடைத்தது. ஆறு கேசட். ஒவ்வொன்றிலும் அண்ணனின் பென்சில் எழுத்து: 'சரியில்லை – 1', 'சரியில்லை – 2'... ஆறு வரைக்கும்.

சரியில்லாததுதானே? நல்லதெல்லாம் அலமாரியில் இருக்கும். எடுத்துக்கொண்டேன்.

ஒன்றைக் கவனித்தேன் — அதுதான் என்னைத் தின்கிறது. மேல் பதிவாகிவிடாமல் இருக்க கேசட்டின் மூலையில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிடுவோமே, ஆறிலும் அதை உடைத்து வைத்திருந்தார். பார்த்தேன். பார்த்துவிட்டு என்ன செய்தேன்? அவர் கையில் டிரிப்ஸ் ஊசிக்கு ஒட்டியது போக மீந்திருந்த பிளாஸ்திரியைக் கிழித்து, அந்தக் குழிகளை அடைத்தேன். சடங்குக்கு இரண்டு கேசட் போதுமாயிருந்தது. மிச்ச நாலையும் மதினியிடம் கொடுத்து, "அண்ணனே சரியில்லன்னு எழுதிவச்சிருக்காரு, இது வேண்டாதது" என்றேன். மதினி அதை ஜெபக்கூட்டத்துக்குத் தந்துவிட்டார். நாலிலும் இப்போது பிரசங்கம்.

நானும் எழுதுகிறவன்தான். என் கையெழுத்துப் பிரதிகளின் ஓரத்தில் இதே சொல்லை எத்தனை முறை கிறுக்கியிருக்கிறேன்! எரித்துவிடு என்றா அதற்கு அர்த்தம்? ஆசை தீராதவன் தனக்குத்தானே முனகிக்கொள்வதை, வெளியே நிற்பவன் தீர்ப்பாகப் படித்துவிடுகிறான். ஊரார் கைகளுக்குக் கண்ணாடி அலமாரி, தன் கைக்குச் செருப்பு டப்பா... அவர் தன்னடக்கத்தில் அப்படி வைத்தார். நாம் அப்படியே நம்பிவிட்டோம். நம்மைப் போல சௌகரியமாக நம்புகிறவர்கள் உண்டா?

ரெஜினா என்னையே பார்த்தாள். பிறகு — என்னைத் தேற்றினாள்!

"போகட்டும் விடுங்க சித்தப்பா. ஆறும் போனா என்ன, நீங்க எனக்கு அனுப்புன கேசட்டு கடைசியில வச்சிருந்தீங்கள்ல... அதோட முழுசு உங்ககிட்ட இருக்கும்ல?"

"எது ஆத்தா?"

"கல்லறையில நீங்க பேசுறீங்க. பேச்சு முடிஞ்சதும் 'டக்'குன்னு ஒரு சத்தம். அப்புறம் அப்பா வாசிக்கிறது. நாப்பது செகண்டு இருக்கும், அதுக்குள்ள டேப்பு முடிஞ்சிரும். ஏழு வருஷமா டூட்டி விட்டு வந்து அதத்தான் கேக்குறேன். எங்க சித்தப்பா எழுத்தாளரு, எம்புட்டு அழகா முடிச்சிருக்காருன்னு ரூம்ல எல்லாருகிட்டயும் சொல்லிருக்கேன்."

மதினி காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

பொய் சொல்லியிருக்கலாம். கேசட்டில் பூஞ்சை பிடித்துவிட்டது, தொலைந்துவிட்டது என்று... ஆயிரம் பொய் வாய் வரைக்கும் வந்தது.

"நான் வைக்கல ஆத்தா," என்றேன். "அது மிச்சம். நான் அழிச்சது போக மிச்சம்."

அழுவாள் என்று நினைத்தேன். திட்டுவாள் என்று நினைத்தேன். ஒன்றும் இல்லை. பைக்குள்ளிருந்து அந்த கேசட்டை எடுத்தாள். டேப்பில் போட்டாள். பின்னால் ஓட்டி, பட்டனை அழுத்தினாள்.

என் குரல். "...அன்பர்களே, இந்த விரல்கள் தந்துவிட்டுப் போன இசைக்கு அழிவே கிடையாது..."

அந்த வாக்கியத்துக்கு அடியில்தான் அவர் வாசித்துக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன்.

"கொஞ்சம் பேசாம இருங்க சித்தப்பா. அப்பாவக் கேக்கணும்."

வாயை மூடிக்கொண்டேன். டேப்புப் பெட்டிக்குள் இருந்தவன் மூடவில்லை... இன்னும் பதினோரு நிமிடம் பேசினான்.