டிஸ்பென்சர் ஐயாவின் முயல் பெட்டி

என் வீட்டு அடுப்புக்கு மேலே, விறகு காயப்போடும் தட்டியில், ஓர் அட்டைப் பெட்டி கிடக்கிறது. ஒரு காலத்தில் பிஸ்கட் வந்த பெட்டி. அதன் நாலு பக்கமும் துளைகள். டிஸ்பென்சர் ஐயா பழைய குடைக் கம்பியால் தன் கையாலேயே குத்திய துளைகள் அவை. லிந்துலையிலிருந்து நுவரெலியா போய்ச் சேர்வதற்குள் அவருடைய இரண்டு முயல்களுக்கும் மூச்சு முட்டிவிடக் கூடாதாம். வாசலில் உட்கார்ந்து அரை மணி நேரம் குத்தினார். பெட்டி ஆடாமல் நான் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போது எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. அவர் இறந்து இரண்டு வருடமாகிவிட்டது. செத்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்பார்கள். என்னிடம் அந்த நாலு வார்த்தை இல்லை.

எங்கள் தேயிலைத் தோட்டத்து மருந்துக் கட்டடத்தை முப்பது வருடம் நடத்தியவர் அவர். காய்ச்சலுக்கும் கால்வலிக்கும் அவரிடம் ஒரே வெள்ளை மாத்திரைதான். அதைக்கூட ஏதோ தன் வீட்டுச் சொத்தை எழுதிக் கொடுப்பதுபோலத்தான் கொடுப்பார். வயிற்றுப் பிள்ளையோடு போய் நின்றால், “பன்னி குட்டி போடுற மாதிரி வருஷா வருஷம் வந்து நிக்கிறீங்களே, வெக்கமா இல்ல?” என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்வார். பென்ஷன் வாங்கியபின் லிந்துலையில் வீடு கட்டிக்கொண்டார். சம்சாரம் போய்ச் சேர்ந்ததும் சமைத்துப் போட ஆள் தேடினார். மலையில் ஏற என் முழங்கால் மறுத்துவிட்ட சமயம் அது. நான் போனேன். அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கத்தான் போனேன் என்று சொன்னால் பாதிதான் உண்மை. வேலையும் வேண்டியிருந்தது. ஆறு வருடம் அவருக்குச் சோறு வடித்தேன். கேள்வி மட்டும் தொண்டையிலேயே நின்றது.

தனியாக இருக்கிறாரே என்று கொழும்பிலிருந்த மகன் ஒரு ஜோடி முயல் வாங்கிவந்து விட்டான். ஐயா ராஜா, ராணி என்று பெயர் வைத்தார். முதல் ஈற்றில் ஆறு குட்டி. அதுகள் பால் மறப்பதற்குள் ராணி மறுபடியும் தன் மயிரைப் பிடுங்கிக் கூடு கட்ட ஆரம்பித்துவிட்டது. அடுத்து ஏழு. குட்டிகளை எல்லாம் அக்கம்பக்கத்தில் கொடுத்தோம். ஐயாவுக்குச் சோறு இறங்கவில்லை. “பாவம், வாயில்லா சீவன். இது எத்தன தடவதான் பெத்துப் போடும்?” என்று கூட்டுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் வாயிலிருந்து ‘பாவம்’ என்ற சொல்லை நான் கேட்டது அன்றைக்குத்தான்.

ஆபரேஷன் செய்வதா வேண்டாமா என்று முடிவெடுக்க மூன்று மாதம் எடுத்தார். மகனிடம் போனில் கேட்டார். ஃபார்மசிக்கார நானாவிடம் கேட்டார். தபால்காரரைக்கூட நிறுத்தி வைத்துக் கேட்டார். பிரித்து வைத்தால் ஏங்கிப்போகும், சேர்த்து வைத்தால் பெற்றே செத்துப்போகும், அறுத்தால் வலிக்கும் என்று வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். ஒருநாள் என்னையே கேட்டார். “நீதானே அதுகளுக்குப் புல்லு போடுற. நீ என்னம்மா சொல்ற?” நான் கையிலிருந்த பாத்திரத்தை இன்னும் அழுத்தித் தேய்த்தேன். இதே மனிதர்தான். ஒரு வார்த்தை கேட்க வேண்டிய நாளில் கேட்காத மனிதர்.

அந்த நாளில் எனக்கு இருபத்து மூன்று வயது. மூத்தவள் நடக்கும் வயது, மகன் கைக்குழந்தை. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்துக்கு ஐயா ஒரு காகிதத்தோடு வந்தார். இரண்டு பிள்ளை பெற்ற பெண்களின் பெயரைக் கங்காணி வரிசையாக வாசித்தார். பதினோரு பேர். பிள்ளைகளைத் தோட்டத்துக் காப்பகமான மடுவத்தில் ஆயாவிடம் விட்டுவிட்டு மலைக்குப் போக நின்ற எங்களைக் கொழுந்து லொறியில் ஏறச் சொன்னார்கள். “சின்ன வேலதான். புள்ளைக்கு இடைவெளி விடுறது. வேணும்னா பிறகு அவுத்துக்கலாம்” என்றார் ஐயா. மழை. லொறிக்கு மேல் போட்ட படங்குத் துணியை நாலு பக்கமும் இழுத்துக் கட்டிவிட்டார்கள். உள்ளே இருட்டு, மூச்சு முட்டும் கொழுந்து வாடை, ஒருத்தி மேல் ஒருத்தி. இரண்டு பேர் வாந்தி எடுத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் நீட்டிய தாளைப் படிக்கக் கேட்டேன். ஐயா என் கட்டைவிரலைப் பிடித்து மையில் அமுக்கி ஒற்றிவிட்டார். நான் பத்தாம் வகுப்புவரை படித்தவள். கையெழுத்துப் போடத் தெரியுமா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். லயத்து வரிசை வீட்டுப் பெண்ணுக்கு விரல்தான் இருக்கும், எழுத்து இருக்காது என்பது அவர் நினைப்பு. வயிற்றைக் கீறிக் கருக்குழாயைக் கட்டினார்கள். மாலையில் அதே லொறி, அதே படங்கு. நாலாம் நாள் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்குப் போனேன். தன்னைக் கேட்காமல் போனதற்காக வீட்டுக்காரர் ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. அடுத்த வருடம் காய்ச்சலில் மகன் போனான். காரியம் முடிந்து ஐயாவிடம் போய், “அவுத்து விடுங்க ஐயா” என்று அழுதேன். “அத எப்படி அவுக்கிறது? முடிஞ்சது முடிஞ்சதுதான்” என்று மாத்திரைப் போத்தலை மூடினார்.

கடைசியில் முயல் பெட்டியோடு ஐயாவும் நானும் நுவரெலியா போனோம். அங்கே மிருக டாக்டர் ஒரு சின்ன வயதுப் பெண். ஜோடியைச் சேர்த்தே கொண்டுவந்தது நல்லது, தனித்தனியாகக் கொண்டுவந்தால் வாசனை மாறி ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும் என்றாள். பெண் முயலுக்கு என்றால் வயிற்றைக் கீற வேண்டும், ஆண் முயலுக்குச் சின்ன வேலைதான், குட்டி நிற்க அது ஒன்றே போதும் என்றாள். அதற்குப் பிறகும் சில வாரம் ஆணைத் தனியாக வைக்க வேண்டுமாம். நடுவில் கம்பி வலை போட்டால் இரண்டும் முகம் பார்த்துக்கொள்ளும். ஐயா சம்மதத் தாளை வாங்கி வரிவரியாகப் படித்தார். புரியாத இடத்தில் மறுபடி கேட்டார். பிறகு நிமிர்ந்து, “அப்ப ஆம்பளைக்கே செஞ்சிருவோம். பொட்டைய எதுக்கு வதைக்கணும்?” என்றார்.

ஆறு வருடம் தொண்டையில் நின்றது அப்போது வெளியே வந்தது. ‘என்னை ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை’ என்றுதான் கேட்க நினைத்திருந்தேன். வந்தது இது:

“எங்க லயத்துல ஆம்பளைங்களே இல்லையாங்க ஐயா?”

கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். ஆறு வருடத்தில் அவர் என் முகத்தை நேராகப் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

“நீயும் அந்த லொறியில வந்தவளா?”

“பதினோரு பேருங்க ஐயா. நான் படங்கு ஓரமா நின்னேன்.”

“அப்ப மேலேருந்து இத்தன பேர் அனுப்புன்னு கேட்டாங்கம்மா. நான் என்ன செய்ய?” என்றார். குரல் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது. உடனே டாக்டர் பக்கம் திரும்பி, ராஜா எத்தனை மணிக்குப் புல் தின்னலாம் என்று கேட்டார்.

ராஜாவுக்கு ஆபரேஷன் முடிந்து வந்ததும் கூட்டுக்கு நடுவில் வலை போட்டார். ஒருநாள் தவறாமல் காலையும் மாலையும் தையலைப் பார்த்தார். நான் மாத முடிவில் வேலையை விட்டு நின்றுவிட்டேன். அவர் செத்தபோது அவருடைய மகன் முயல்களைக் கொண்டுவந்து, “அப்பா ஒங்ககிட்டதான் குடுக்கச் சொன்னாரு” என்று பெட்டியோடு என் கையில் வைத்தான். அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறாள் என் மகள். மன்னிப்புக் கேட்க வாய் இருந்தது, அதற்கு முயல் எதற்கு? முயல்கள் மேல் எனக்குக் கோபமில்லை. இரண்டும் என் கொல்லையில் ஒட்டிக்கொண்டே திரிகின்றன.

போன வாரம் விறகெல்லாம் ஈரம். அடுப்பு பற்றவில்லை. மகள் தட்டியிலிருந்து பெட்டியை இறக்கினாள்.

“இத கிழிச்சு எரிச்சிரவாம்மா?”

“வேணாம், வையி.”

“அந்தாள நினைச்சாலே ஒனக்கு ஆகாது. அவரு பெட்டி மட்டும் எதுக்கு?”

வாங்கி, துளைகளில் விரலை விட்டுப் பார்த்தேன். பக்கத்துக்கு ஏழு, ஒரே அளவு, பிசிறு இல்லாமல்.

“உள்ள இருக்கிற உசுருக்கு மூச்சு வேணும்னு அவருக்குத் தெரியாதுன்னுதான்டி இத்தன வருஷமா நினைச்சுக்கிட்டிருந்தேன்” என்றேன். “தெரிஞ்சிருக்கு.”

பெட்டியைத் திரும்பவும் தட்டியில் ஏற்றி வைத்தேன்.