மூக்கில்லாமல் கலந்த மேன்ஹாட்டன்

இது நடந்த கதை. எங்கள் ஓட்டல் பாரில், என் கண்ணெதிரே நடந்தது. பொய் என்றால் என் நாக்கு அழுகிப்போகட்டும். சரி, நாக்கு வேண்டாம், அதை வைத்துத்தான் பிழைப்பு ஓடுகிறது. கொஞ்சம் இழுத்திருக்கிறேன். ரப்பர் வளையத்தை இழுக்காமல் எதைக் கட்ட முடியும்? சிரிப்பு வருகிற இடமெல்லாம் நான் இழுத்தது. சிரிப்பு வராத இடமெல்லாம் நடந்தது நடந்தபடி.

மதியச் சாப்பாட்டு நேரம். பணியாளர் அறையில் என் எதிரே சலவை அக்கா, சமையல்காரர், லிஃப்ட்காரர். மூன்று பேருமே ஓட்டலுக்குப் புதுசு. குப்பை அறையில் நிற்கிற அந்த நரைத்த மனிதர் யார் என்று அக்காதான் கேட்டாள். அதற்காகத்தான் இந்தக் கதை.

அவர் பேர் மூக்கண்ணன். அப்பா அம்மா வைத்த பேர் வேறு, அது சம்பளம் போடுகிறவருக்கு மட்டும் தெரியும். முன்பு பாரில் மது கலக்கிறவராக இருந்தவர். தெருமுனையில் ஒருத்தன் பாட்டிலைத் திறந்தால் இவர் உள்ளே நின்று ஜின் என்பார். பக்கத்து ஊரில் திறந்தாலும் சொல்லுவார், காற்று கொஞ்சம் ஒத்துழைத்தால்.

ஆரம்பத்தில் என்னைப் போலக் கிளாஸ் கழுவ வந்தவர்தான். நான் கழுவுகிறேன், கழுவிக்கொண்டே இருக்கிறேன். அவர் ஒவ்வொரு கிளாஸையும் முகர்ந்துவிட்டுக் கழுவினார். அடியில் கிடந்த மிச்சத்தை முகர்ந்து முகர்ந்தே தொழில் படித்தார். குடிக்கிற பழக்கம் கிடையாது. ஸ்ட்ராவை உள்ளே விட்டு, மேல்நுனியை விரலால் அடைத்து, ஒரு சொட்டு எடுத்து நாக்கில் விடுவார். அதோடு சரி.

பாட்டில்களை எல்லாம் சொந்தக்காரர்கள் மாதிரி அறிமுகம் செய்து வைப்பார். ஜின் புதுமாப்பிள்ளை, தூரத்திலேயே சென்ட் வாசம் அடிக்கும். காம்பாரி மாமியார், வாசலில் இனிப்பு, உள்ளே போனால் கசப்பு. சிவப்பு வெர்மூத் சித்தப்பா, நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கத்தையும் சமாதானம் செய்கிறவர். மூன்று பேரையும் சரிசமமாக உட்கார வைத்தால் அதற்குப் பேர் நெக்ரோனி. ஒருத்தருக்கு இடம் கூடினால் அன்றைக்கே தனிக்குடித்தனம். பச்சை ஷார்ட்ரூஸைக் காட்டி, இது சாமியார்கள் செய்தது, அதனால்தான் மற்றதைவிட வேகமாக மேலே தூக்குகிறது என்பார்.

சித்தப்பா விஷயத்தில் மட்டும் சிரிக்க மாட்டார். வெர்மூத் பிறப்பால் ஒயின். மூடியைத் திறந்தால் குளிர்பெட்டியில்தான் வைக்க வேண்டும், வெளியே விட்டால் நாளாக ஆகப் புளித்துப்போகும்.

எங்கள் பாரில் ஒரு வழக்கம் உண்டு. கலந்தது மேசைக்குப் போகும் முன் இரண்டாவது ஆள் ஒருவர் ஸ்ட்ராவால் ஒரு சொட்டு பார்க்க வேண்டும். சரி என்றால் கரண்டியால் மேடையில் ஒரு தட்டு. கொட்டு என்றால் இரண்டு தட்டு. மூக்கண்ணனுக்கு இரண்டாவது ஆள் அவர் மச்சினன், பெண்டாட்டியின் தம்பி. வேலையில்லாமல் திரிந்தவனை அழைத்து வந்து, வெள்ளைச் சட்டை போட்டுவிட்டு, ஜிகர் என்கிற அளவுக் கிண்ணத்தைப் பிடிக்கப் பழக்கியது அவர்தான்.

பிறகு ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது அவர் மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. வீட்டில் அடுப்புக்குப் பக்கத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். பால் பொங்கி, வற்றி, பாத்திரம் கருகி, புகை மாடிக்குப் போய், மேல்வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். இவர் தாளைத் திருப்பிக்கொண்டிருந்தார். பெண்டாட்டி ஓடிவந்து கேஸை மூடிவிட்டு அவர் முகத்தையே பார்த்தாளாம்.

மூக்கு போனால் நாக்கும் பாதி போன மாதிரி. இனிப்பு தெரிந்தது, கசப்பு தெரிந்தது. எந்த இனிப்பு, யாருடைய கசப்பு என்று தெரியவில்லை. விஷயத்தை அவர் மச்சினனிடம் மட்டும்தான் சொன்னார். அவன் இவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நான் இருக்கேன் மாமா. உங்க கை கலக்கட்டும், என் நாக்கு பாத்துக்கும்."

அப்படியே ஓடியது. கை அளவை மறக்கவில்லை. தட்டு ஒன்று என்றால் அனுப்புவார், இரண்டு என்றால் கொட்டிவிட்டு மறுபடி கலப்பார். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. முதுகுப் பக்கம் கிளாஸ் கழுவிக்கொண்டு நின்ற எனக்குத் தெரியும், எனக்கு எல்லாம் தெரியும், அதனால்தான் இன்னும் கிளாஸ் கழுவுகிறேன்.

அப்போதுதான் மேல்மாடியில் புது பார் வந்தது. அதற்கு ஒரு தலைமை ஆள் வேண்டும். தலைமை ஆள் கலக்க வேண்டியதில்லை, நின்று மேய்த்தால் போதும். மூக்கண்ணனுக்கு அதைவிட வேறு கரை கிடையாது. அங்கே ஏறிவிட்டால் மூக்கு போனது சாகும்வரை வெளியே வராது. ஏறாவிட்டால் இன்றைக்கோ நாளைக்கோ மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். மச்சினனும் அதே இடத்துக்குக் கேட்டிருந்தான். சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டு வைத்தேன் மாமா என்றானாம். இவரும் சிரித்துக்கொண்டே முதுகில் தட்டினாராம்.

மேல் பாருக்கு ஆள் பார்க்க முதலாளியம்மா ஒரு மத்தியானம் கீழே வந்து மேடை முன் உட்கார்ந்தார். மேன்ஹாட்டன் கேட்டார். விஸ்கி, சிவப்பு வெர்மூத், பிட்டர்ஸ் என்கிற கசப்புச் சாறு சில சொட்டு. அதில் ஒளிய இடமே கிடையாது, சித்தப்பா கெட்டிருந்தால் வீடே நாறும்.

மேடையில் பாட்டில் எடுத்து வைப்பது மச்சினன் வேலை. அன்றைக்குக் குளிர்பெட்டி திறந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. விளக்குப் போட்ட அலமாரியில் அழகுக்கு நின்ற பாட்டில், யாரோ எப்போதோ திறந்து வெயிலும் சூடும் தின்ற பாட்டில், அதுதான் மேடைக்கு வந்தது.

மூக்கண்ணன் பனிக்கட்டியில் ஊற்றி, கரண்டியைச் சத்தமில்லாமல் சுழற்றினார். அந்தக் கையைப் பார்த்தால் கல்லுக்கும் தாகம் எடுக்கும். வடிகட்டினார், செர்ரி போட்டார். மச்சினன் ஸ்ட்ராவை விட்டான், நாக்கில் ஒரு சொட்டு வைத்தான். கண்ணை மூடினான்.

ஒரு தட்டு.

முதலாளியம்மா ஒரு வாய் குடித்தார். கிளாஸைக் கீழே வைத்து, மெதுவாக அவர் பக்கம் தள்ளினார். "நீங்க ஒரு வாய் பாருங்க."

மூக்கண்ணன் மச்சினனைப் பார்த்தார். அவன் துணியால் மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தான். இவர் ஸ்ட்ரா எடுக்கவில்லை. பிழைப்பில் முதல் தடவையாகக் கிளாஸை வாயில் வைத்துக் குடித்தார்.

"சரியாத்தான் இருக்கும்மா," என்றார்.

முதலாளியம்மா கிளாஸை மச்சினன் பக்கம் நகர்த்தினார். அவன் இன்னொரு சொட்டு எடுத்தான். "வெர்மூத் புளிச்சுப்போச்சும்மா. வேற போட்டுத் தரேன்." குளிர்பெட்டியைத் திறந்து நல்ல பாட்டிலை எடுத்தான். அவன் கலந்ததும் நன்றாகத்தான் இருந்தது. சொல்லிக்கொடுத்த வாத்தியார் அப்படி.

மேல் பார் மச்சினனுக்குப் போனது. மூக்கண்ணனை யாரும் வெளியே தள்ளவில்லை. முதலாளியம்மா நல்லவர். மூக்கில்லாதவருக்குப் பொருத்தமான வேலை என்று யோசித்து, குப்பை அறைக்குப் பொறுப்பாளராகப் போட்டார். சம்பளத்தில் கை வைக்கவில்லை. நாங்கள் எல்லாரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற இடத்தில் அவர் ஸ்டூல் போட்டுப் பேப்பர் படிக்கிறார். இதை நான் இழுக்கவில்லை.

வீட்டில் மூக்கண்ணன் பெண்டாட்டி தம்பியைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டிருக்கிறாள், முதல் சொட்டிலேயே தெரியுமா தெரியாதா என்று. அவன் சாப்பிட்டுக்கொண்டே பதில் சொன்னானாம்.

"எனக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்குக்கா."

அவள் குழம்புக் கரண்டியைச் சட்டியில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். மூக்கண்ணன்தான் எழுந்து அவனுக்கு மறுசோறு போட்டிருக்கிறார். ஏன் போட்டார் என்று நான் ஒருநாள் கேட்டேன். தட்டு காலியா இருந்துச்சு என்றார்.

சமையல்காரர் கையைக் கழுவப் போனவர் திரும்பினார். அந்தப் பையன் மேல் என்ன தப்பு, மூக்கில்லாதவன் மேலே போய் நின்றால் நாளைக்கு யார் வயிறு கெடும் என்றார்.

"அதுக்கு நேரா மூஞ்சியில சொல்லணும்," என்றாள் சலவை அக்கா. "மேடை போட்டுக் காலை வாரக் கூடாது."

லிஃப்ட்காரர் குறுக்கே வந்தார். முதலில் மறைத்தது அந்த மூக்கண்ணன்தானே, ஊரை ஏமாற்றினவனுக்கு வீட்டில் ஒருத்தன் பாடம் சொன்னான் என்றார்.

"சொல்லுவ. தங்கச்சி புருஷன் வேலையப் புடுங்கிட்டு லிஃப்டுல நிக்கறவன்தானே நீ," என்றாள் அக்கா.

"யாரு சொன்னா உனக்கு?"

"உன் தங்கச்சிதான் சொன்னா. என் பக்கத்துல நின்னுதான் துணி மடிக்கறா."

லிஃப்ட்காரர் எழுந்ததில் நாற்காலி சாய்ந்தது. சமையல்காரர் நடுவில் புகுந்து, பொம்பளை என்றும் பார்க்காமல் என்று லிஃப்ட்காரரிடம் ஏதோ ஆரம்பித்தார். அக்கா தண்ணீர் டம்ளரைச் சமையல்காரர் மேல் ஊற்றுகிற மாதிரி ஓங்கினாள்.

"பொம்பளைன்னா என்னய்யா? சொல்லு, என்னன்னு சொல்லு."