கடையாணியும் கை கழுவலும்

நான் பள்ளிக்கூடம் போனது இரண்டே வருஷம். ஆனாலும் கப்பலேறி வந்து, சிராங்கூன் சாலையில் ஒற்றை மாட்டு வண்டியோடு தொடங்கிப் பதினாலு வண்டிக்குச் சொந்தக்காரன் ஆனவன் நான். அதில் ஒன்றுகூட நடுரோட்டில் சக்கரம் கழன்று சாய்ந்ததில்லை. அந்தக் காலத்து ஆள் யாரைக் கேட்டாலும் சொல்வார்.

எல்லாம் கடையாணியால் வந்த பேர். சக்கரம் அச்சை விட்டுக் கழலாமல் இருக்க முனையில் செருகும் அந்தச் சின்ன இரும்பை நான் தொட்டுப் பார்க்காமல் எந்த வண்டியும் கிளம்பாது. ஒரு தரம் தொட்டால் எனக்குப் போதாது. நாலு எட்டு நடந்ததும், சரியாகத்தான் இருந்ததா என்று உள்ளே ஒன்று குடையும். திரும்பி வந்து தொடுவேன். சில நாள் ஏழெட்டுத் தரம்கூட ஆகும். மூட்டை அடுக்கும் கிட்டங்கி முதலாளிமார் இதைப் பார்த்துத்தான் சரக்கை நம்பி ஒப்படைத்தார்கள். பொறுப்பான ஆள் என்றார்கள்.

என் வீட்டுக்காரிக்கு அதே குடைச்சல் கையில் வந்தது. சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவுவாள், துடைப்பாள், மறுபடி கழுவுவாள். தோல் உரிந்து ரத்தம் கசிந்தாலும் விடமாட்டாள். எங்கள் வரிசை வீடுகளுக்கெல்லாம் பின்கட்டில் ஒரே கிணறு. வாளி இவளை விட்டு வராததில் மற்றப் பெண்களுக்கு எரிச்சல். இவளுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

நாகப்பட்டினத்திலிருந்து வந்திருந்த அவள் அண்ணன் காதுக்கும் அது எட்டியது. ஊருக்குக் கூட்டிப்போய்ப் பேயோட்டும் கோயிலில் சங்கிலியால் கட்டிப்போட்டால் ஆறு மாதத்தில் தெளிந்துவிடும் என்றார். நானும் வெட்கத்தில் தலையாட்டினேன். அதை மறைக்கமாட்டேன். அவள் அழவில்லை. தகரப் பெட்டியில் இரண்டு சேலையை வைத்து மூடினாள்.

கப்பல் நாளன்று நானே வண்டியை ஓட்டினேன். டோபி காட் தாண்டுமுன்பே இரண்டு தரம் இறங்கிக் கடையாணியைத் தொட்டுப் பார்த்தேன். அன்றைக்குக் குடைச்சல் அதிகம். ஆற்றுப் பாலம் ஏறுமுன் ஒரு தரம் பார்த்தேன். பாலம் இறங்கியதும், அந்தக் குலுக்கலில் தளர்ந்திருக்குமோ என்று இன்னொரு தரம். அதற்கப்புறம் நான் எண்ணவில்லை. மச்சான் வெயிலில் வெந்துகொண்டே, என்னைவிட என் மாடு சுறுசுறுப்பு என்று குத்தினார். நாங்கள் துறைமுகம் சேர்ந்தபோது கப்பல் போய்விட்டது. கடலில் புகை மட்டும் தெரிந்தது.

மச்சான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்காரி வண்டியை விட்டு இறங்காமலே பேசினாள்.

"அண்ணே, இவங்க எத்தன தரம் எறங்குனாங்கன்னு எண்ணிக்கிட்டே வந்தேன். பதினோரு தரம். ஆம்பளைக்கு வந்தா பொறுப்பு, பொம்பளைக்கு வந்தா பேயா?"

"அது தொழில் தாயி. இது வேற."

என் கை அப்போதும் கடையாணி மேல்தான் இருந்தது. எனக்கே அது அப்போதுதான் தெரிந்தது.

"வேற இல்ல மச்சான். ரெண்டும் ஒண்ணுதான். அவளக் கட்டுறதா இருந்தா பக்கத்துல எனக்கும் ஒரு சங்கிலி வாங்கி வைங்க."

அடுத்த கப்பலில் மச்சான் தனியாகத்தான் போனார். நான் வீட்டுக்குள் தனிக் குழாய் இழுத்தேன். எங்கள் வரிசையில் முதல் குழாய் என்னுடையதுதான். சாம்பலை விட்டுவிட்டுத் தேங்காயெண்ணெய் தடவச் சொன்னேன். கேட்ட நாளும் உண்டு, கேட்காத நாளும் உண்டு. பிறகு கவனித்துப் பார்த்தேன். பூட்டைப் பத்துத் தரம் இழுத்துப் பார்க்கும் கடைக்காரர்கள் எங்கள் தெருவில் எத்தனையோ பேர். அவர்களில் ஒருவரையும் யாரும் வேப்பிலையால் அடித்ததில்லை. படித்தவர்கள் யாரும் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை. நான் கண்டுகொண்டேன், அவள் காட்டினாள்.

குடைச்சல் இரண்டு பேரையும் விட்டுப் போகவில்லை. காலையில் வண்டிகளை அனுப்பிவிட்டு நான் உள்ளே வந்தால் குழாயடியிலிருந்து கேட்பாள்:

"இன்னிக்கு எத்தன?"

"ஆறு."

"எனக்கு அஞ்சுதான்" என்பாள், ஜெயித்தவள் மாதிரி.