வீரலட்சுமியின் பூட்டில்லாத செல்போன்

வீரலட்சுமிக்கு வாய்க்கொழுப்பாம். தெருவே சொல்கிறது, சொல்லட்டும். அடித்தவனைப் பற்றி இங்கே ஒரு வாயாவது திறந்ததா? அடித்ததைக் காட்டியவள் மேல்தான் எல்லாருக்கும் ஆத்திரம்.

போச்சம்பள்ளிப் பக்கம் மாங்கூழ் கம்பெனியில் பழம் கழுவுகிற வேலை அவளுக்கு. பக்கத்தில் நின்ற ஸ்வாதி அழுகல் பழம் ஒன்றைத் தவறவிட்டாள். அதற்காக சூப்பர்வைசர் முனிவேல் பழம் அடுக்கும் பிளாஸ்டிக் கிரேட்டைத் தூக்கி அவள் முகத்தில் அடித்தான். மூக்கு உடைந்து ரத்தம் தொட்டியில் சொட்டியது. விழுந்தவளை மயிரைப் பிடித்து இழுத்து உதைத்தான். வீரலட்சுமி அத்தனையையும் செல்போனில் பிடித்தாள்.

"போடட்டுமாடி?"

"போடுக்கா. நாலு பேரு பார்க்கட்டும்," என்றாள் ஸ்வாதி, துப்பட்டாவால் மூக்கை அழுத்திக்கொண்டே.

கம்பெனி பஸ்ஸில் வருகிறவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாள். சாயங்காலமே ஊர்ப் பெரியவர் திம்மப்பன் வந்து, "ஊர் மானம் போவுதும்மா, அழிச்சுடு," என்றார். அழிக்காவிட்டால் அதே கம்பெனியில் லோடு ஏற்றும் அவள் புருஷன் ராமப்பனுக்கும் வேலை இல்லை என்று கம்பெனி ஆள் வந்து சொன்னான்.

"அடி வாங்கினவ சொல்லட்டும், அழிக்கிறேன். நீங்க யாரு சொல்றதுக்கு?"

மாம்பழக் காலத்தில் காம்புப் பால் பட்டு விரல் நுனி உரிந்துபோகும். செல்போன் ரேகையை ஏற்காது. அங்கே வேலை செய்கிற பெண்கள் பூட்டையே எடுத்துவிடுவார்கள். அவளும் எடுத்திருந்தாள். அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து ராமப்பன் வீடியோவை அழித்தான். அதோடு விட்டானா? "நான் போட்டது பொய், மன்னிக்கவும்" என்று அவள் எழுதியதுபோல் குரூப்பில் போட்டான்.

கேட்டதற்கு பெல்ட்டை உருவினான்.

"என் வீட்டுல யாரு என்னா பேசணும்னு நான் சொல்றேன்டி!"

தோளில், முதுகில், தடுத்த கையில் விளாசினான். செல்போனை அம்மியில் வைத்துக் குழவியால் நொறுக்கினான். இன்றைக்கு நியாயம் பேசுகிற தெரு அன்றைக்கு வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றது.

காலையில் ஸ்வாதி வந்தாள், மூக்கில் கட்டு.

"பொய்யின்னு எழுதிட்டியேக்கா."

வீரலட்சுமி திரும்பி முதுகைக் காட்டினாள். ஸ்வாதிக்கு விளங்கிவிட்டது. தன் செல்போனை எடுத்தாள்.

"நீ போட்டப்பவே எடுத்து வச்ச வீடியோ எங்கிட்ட இருக்குதுக்கா. அடி என்னுது. இருக்கட்டும்னு நான் சொல்றேன்."

செருப்பை மாட்டிய வீரலட்சுமியை ராமப்பன் மறித்தான். "எங்கடி கெளம்பிட்ட?"

"கிருஷ்ணகிரி ஸ்டேஷனுக்கு. ரெண்டு பேரு அடியையும் காட்டப் போறேன். தள்ளு."

அவன் கையை ஓங்கினான். அந்தக் கையைப் பிடித்து ரத்தம் வரக் கடித்தாள். அவன் அலறிக்கொண்டு விலகினான். அவள் வாயைத் துடைத்துக்கொண்டு வாசலைத் தாண்டினாள்.