காம்பவுண்டு சுவருக்காகச் சொன்ன பொய்

எருமப்பட்டிப் பக்கம் நான் டீச்சராக இருந்த பள்ளிக்கூடத்துக்குச் சுவரே கிடையாது. சந்தைக்குப் போகிறவர்களுக்கு எங்கள் மைதானம்தான் குறுக்குவழி. சேவல் கட்டுக்காரர்கள் சண்டைச் சேவலை அக்குளில் இடுக்கி, அதன் காலில் கட்டும் கத்தியை மடியில் செருகிக்கொண்டு, வகுப்பு நடக்கும்போதே வாசலைத் தாண்டிப் போவார்கள். "இது பள்ளிக்கூடமா, சந்தைப்பேட்டையா?" என்று கத்துவேன். சிரித்துக்கொண்டே போவார்கள்.

அப்படி ஒரு கத்தி ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனின் பைக்குள்ளும் வந்துவிட்டது. அவன் அப்பா சேவல் கட்டுக்காரர். தண்ணீர்த் தொட்டியருகே இன்னொருவன் அவனைக் கீழே தள்ளி மிதிக்க, இவன் கத்தியை உருவிவிட்டான். நான் குறுக்கே பாய்ந்தேன். என் உள்ளங்கை கிழிந்தது. ரத்தத்தைப் பார்த்ததும் கத்தியைப் போட்டுவிட்டு ஓவென்று அழுதான். எனக்கு வலியைவிட ஆத்திரம்தான் அதிகம். "பாவி, கொலை பண்ணியிருப்பியேடா!" என்று மறு கையால் ஓங்கி அறைந்தேன்.

அறைந்தேனே தவிர, மனசு கேட்கவில்லை. அவன் வீட்டில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். பெயர் வெளியே வந்தால் பள்ளியைவிட்டு நீக்கிவிடுவார்கள். அப்புறம் எந்தப் பள்ளியிலும் சேர்க்கமாட்டார்கள். சண்டை போட்ட இரண்டு பேரையும் மிரட்டி வாயை அடைத்தேன்.

சுவர் கட்டப் பணம் கேட்டுத் தலைமையாசிரியர் எழுதிய மனு, 'இதுவரை அசம்பாவிதம் ஏதும் இல்லை' என்று திரும்பி வந்திருந்தது. இப்போது என் கையைக் காரணம் காட்டி மறுபடி எழுதினார். பஞ்சாயத்து யூனியன் அதிகாரி நேரிலேயே வந்துவிட்டார்.

"யாரும்மா வெட்டினது?" என்று வகுப்பிலேயே கேட்டார். கடைசி பெஞ்சில் பையன் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தான். அவன் பக்கம் திரும்பாமலே சொன்னேன்.

"சந்தைக்குப் போன சேவல் கட்டுக்காரர் ஒருத்தருங்க. வழியில நின்னு தடுத்தேன், கத்தி பட்டிருச்சுங்க. முகம் சரியாத் தெரியலீங்க."

எழுதிக்கொண்டார். பணம் வந்தது, கல் வந்து இறங்கியது. பையன் மட்டும் பள்ளிக்கு வரவில்லை. பயந்து ஒளிந்திருக்கிறான், தானாக வருவான் என்று மெத்தனமாக இருந்துவிட்டேன்.

ஒருநாள் பார்க்கிறேன், சுவர் வேலையில் கல் சுமந்துகொண்டிருக்கிறான்! "படிக்கிற வயசுல இங்க என்னடா பண்றே?" என்று சீறினேன்.

"அப்பாவப் போலீசு புடிச்சிருச்சுங்க டீச்சர். சேவல் கட்டுக்காரங்களையெல்லாம் வெரட்டி அடிச்சாங்க. நாந்தான்னு சொல்லப் போனேனுங்க. அப்பா என் வாயப் பொத்திப்போட்டு, தானே வெட்டினதா ஒத்துக்கிட்டாருங்க."

சுமையை வாங்கக் கை நீட்டினேன். அவன் கல்லை இறக்கினான். "தள்ளி நில்லுங்க டீச்சர். ஏற்கெனவே உங்களுக்குக் கை புண்ணு."

அப்படியே ஸ்டேஷனுக்கு நடந்தேன். "அவனே ஒத்துக்கிட்டானேம்மா, அப்புறமென்ன?" என்றார் அங்கிருந்த போலீஸ்காரர்.

"வெட்டு வாங்கினவ நானுங்க! இவரில்லைங்கறேன்!" என்று மேசையில் அடித்தேன். ஆறாத காயத்திலிருந்து ரத்தம் கசிந்தது.

அப்பாவை விட்டுவிட்டார்கள். மைதானத்தைச் சுற்றிச் சுவரும் எழும்பியது. இரண்டு தடவை அவன் வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன். "வாரேனுங்க டீச்சர்" என்றான். வரவேயில்லை.