ஸ்வெட்டரில் ஒட்டிய முடி

நாகலூர் பஸ்ஸில் அந்த அம்மாவைப் பார்த்தாலே எனக்கு எரியும். குட்டையான உருவம், காதை மூடிய மப்ளர், மடியில் முயல் கூடை. என்னைப் போலவே கறிமுயல் வளர்க்கிற பெண்தான். ஆனால் மார்கழிக் குளிரில் என் கொட்டகையில் பிறக்கிற குட்டிகள் விடிவதற்குள் விறைத்துப்போகும். அவர் வீட்டுக் குட்டிகள் பிழைத்துக்கொள்ளும்; கறிக்கு முயல் வாங்க ஏற்காட்டு ஓட்டல்காரர்கள் அந்த அம்மாவின் வீட்டுக்குத்தான் போவார்கள்.

அவருக்கு ஒரு பழக்கம். ஸ்வெட்டரில் ஒட்டியிருக்கும் முயல்முடியைக் கிள்ளி எடுத்து, கீழே போடாமல் சுருக்குப்பைக்குள் திணித்துக்கொள்வார். கஞ்சம் என்று மனதுக்குள் சிரித்திருக்கிறேன்.

ஒருநாள் அவர் பக்கத்தில் இடம் கிடைத்தது. பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"ஏனுங்கக்கா, உங்க ஊட்டுல இந்தக் குளுருல குட்டி எப்படிங்க பொழைக்குது?"

"தாய் மொசலு தன் வயித்து முடியப் புடுங்கித்தான் குட்டிக்கு மெத்தை போடுது அம்மிணி. இந்தக் குளுருக்கு அது பத்தாதுங்க. வருசம் பூரா உதுர்ற முடியச் சேத்து வெச்சு, குட்டி போடற பொட்டியில நானும் கொஞ்சம் போட்டு உடுவேன். உங்க ஊட்டுல எப்படிங்க?"

"நொம்ப நல்லா இருக்குதுங்க."

குட்டிகள் சாகின்றன, கொஞ்சம் முடி வேண்டும் என்று சொல்லியிருந்தால் ஒரு பை நிறையக் கொடுத்திருப்பார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"சந்தோசமுங்க" என்றவர், என் தோளில் ஒட்டியிருந்த முடியைக் கிள்ளி, பழக்கதோஷத்தில் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். என் முயலின் முடி.

வீட்டுக்கு வந்ததும் ஸ்வெட்டரை மடியில் விரித்து, மிச்சமிருந்த முடியை ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். உள்ளங்கைகூட நிறையவில்லை. அவர் கிள்ளிக்கொண்டு போனது இருந்திருந்தால் நிறைந்திருக்கும் என்றுதான் இப்போதும் தோன்றுகிறது.